"2.4 மீற்றர், நிக்கல் 4.1%": துளையிடல் முடிவை எப்படி வாசிக்கிறது?

சுகி_திருமலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பேர்த்தில் இருக்கிற அத்தான் போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். மேற்கு அவுஸ்திரேலியாவில் நிக்கல் தேடுகிற ஒரு சின்னக் கம்பனி சந்தைக்குக் கொடுத்த அறிவித்தல் அது. பங்கு விலை சதக்கணக்கில்தான். அத்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டார். "மிச்சத் துளைகளின்ட லாப் ரிசல்ட் வர முதல் வாங்கோணும், வந்தாப்பிறகு எட்டாது" என்று சொல்லி, லிங்கநகர் வீட்டுக்கு மேல்தட்டுப் போட நாங்கள் சேர்த்த காசில் ஒரு பங்கைத் தன் பெயரில் போடச் சொல்லுகிறார்.

வாங்கவா விடவா என்று நான் இங்கே கேட்கவில்லை. அது வீட்டுக்குள் தீர்க்கிற விஷயம். எனக்கு வேண்டியது இந்த எண்களை வாசிக்கத் தெரிவது. முப்பது பக்கத்தில் விளங்கியது இவ்வளவும்தான்:

துளை 1: 38 மீற்றர் ஆழத்திலிருந்து 64 மீற்றருக்கு நிக்கல் 0.27%. இதை "அகலமான நிக்கல் வலயம்" என்கிறார்கள்.

துளை 2: 142 மீற்றரிலிருந்து 21 மீற்றருக்கு நிக்கல் 0.74%, செம்பு 0.21%. அதற்குள் அடங்கும் 2.4 மீற்றரில் நிக்கல் 4.1%.

துளை 3: லாப் முடிவு வரவில்லை. கண்ணால் பார்த்த மட்டில் 6 மீற்றர் "மாசிவ் மற்றும் செமி மாசிவ் சல்பைட்". கையில் பிடித்துப் பார்க்கிற கருவியில் நிக்கல் 7% வரை காட்டியதாம். தங்க நிறத்தில் மினுங்குகிற ஒரு படமும் போட்டிருக்கிறார்கள்.

துளை 4: இப்போது துளைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைப்பு: "உயர்தர நிக்கல் சல்பைட் கண்டுபிடிப்பு".

64 மீற்றர், 21 மீற்றர், 2.4 மீற்றர் இந்த மூன்றில் எதைப் பார்த்து நான் சந்தோசப்பட வேண்டும்? சராசரிக்குள் ஒரு துண்டைப் பிரித்துத் தனியாகக் காட்டுவது ஏன்? வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சராசரி காட்டினால் நான் சந்தேகப்படுவேன், ஆனால் இந்தத் துறையில் இதுதான் வழக்கமோ தெரியாது. விசயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லித் தாங்கோ.

வெருகல்_ஆறு எழுதியது:

அக்கா, தலைப்பில "கண்டுபிடிப்பு" எண்டு இருந்தா கடைசிப் பக்கத்தில "புதிய பங்கு வெளியீடு" எண்டு இருக்கும். முதல்ல அதைத் தேடுங்கோ. 😀

கோர்செட்_உப்புவெளி எழுதியது:

கல்கூர்லிப் பக்கம் கோர் செட்டுகளில கனகாலம் வேலை செய்தனான். இப்ப உப்புவெளியில இருக்கிறன். ஜியோலஜிஸ்ட் இல்ல. துளைக்கேக்க உருளையா வெளிய வாற பாறையைத்தான் கோர் எண்டுறது. தட்டில வாற கோரைக் கழுவி, துண்டுகளைப் பொருத்தி, மீற்றர் குறிச்சு, நடுவால வெட்டி, அரைவாசியைப் பையில போட்டு லாப்புக்கு அனுப்புற ஆக்களில ஒராள். ஜியோலஜிஸ்டுகள் கோருக்கு முன்னால நிண்டு கதைச்சதையும் கேட்டிருக்கிறன், அதே கோரைப் பற்றிப் பிறகு சந்தைக்குப் போன அறிவித்தலையும் வாசிச்சிருக்கிறன். அறிவித்தலில பொய் இருக்காது. ஆனா செட்டில கதைச்ச கதையும் அதில இருக்காது.

நீங்கள் டீச்சர் எண்டபடியா கழித்தலில தொடங்குவம். துளை 2: 21 ஐ 0.74 ஆல பெருக்கினா 15.54. உள்ளுக்க இருக்கிற 2.4 ஐ 4.1 ஆல பெருக்கினா 9.84. கழிச்சா 5.70. அதை மிச்சம் 18.6 மீற்றருக்கும் பகிர்ந்தா 0.31%. அந்த 21 மீற்றருக்குள்ள கதை இருக்கிறது 2.4 மீற்றரில மட்டும்தான். மிச்சம் சும்மா பாறை.

சும்மா பாறையில 0.3% நிக்கல் எப்பிடி வந்தது எண்டு கேப்பீங்கள். இதுதான் நிக்கலில வெளியாக்கள் விழுற இடம். தங்கத்தில சும்மா பாறை எண்டா கிட்டத்தட்டப் பூச்சியம். நிக்கல் அப்பிடி இல்ல. கல்கூர்லி, கம்பால்டாப் பக்கம் இருக்கிறது 270 கோடி வருசத்துக்கு முந்தின எரிமலைக் குழம்பு, கோமாட்டியைட் எண்டு சொல்லுவினம். அதில ஒலிவீன் எண்ட பச்சைக் கனியம் நிறைய. ஒலிவீனுக்குள்ள மக்னீசியம் இருக்கவேண்டிய இடத்தில கொஞ்சம் நிக்கல் போய்க் குந்தியிருக்கும். ஒலிவீன் நிறைஞ்ச பாறையை எங்க கிண்டினாலும் 0.2, 0.3 வீதம் நிக்கல் காட்டும். ஆனா அந்த நிக்கல் சிலிக்கேட்டுக்குள்ள, அதாவது ஒலிவீன் மாதிரிச் சிலிக்கன் கனியத்துக்குள்ள, பூட்டிக் கிடக்கு. அரைச்சு, தண்ணியில நுரை எழுப்பி மிதக்க வைக்கிற முறை சல்பைட்டுக்கு, அதாவது உலோகம் கந்தகத்தோட சேந்த கனியத்துக்குத்தான் சரி, சிலிக்கேட் நிக்கல் அதுக்கு அசையாது. அப்ப உங்கட துளை 1இல இருக்கிற 64 மீற்றரும் 0.27 வீதமும் அந்தப் பாறையின்ட பிறவிக் குணமாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். பின்னால அட்டவணையில கந்தகம் எவ்வளவு எண்டு போட்டிருப்பினம். பாத்துச் சொல்லுங்கோ, தீர்ப்பு அங்கதான் கிடக்கு.

குறைஞ்ச வீதம் எண்ட ஒரே காரணத்துக்காகத் தள்ளவும் ஏலாது. மவுண்ட் கீத் எண்ட பெரிய திறந்த சுரங்கம் 0.6 வீதத்துக்குக் கிட்டத்தான், 1990களில இருந்து தோண்டினவை. அங்க நிக்கல் பொடிப்பொடியா இருந்தாலும் சல்பைட்டா இருந்தது. அதோட மலையளவு இருந்தது.

இப்ப துளை 3. அந்தத் தங்க நிறப் படம் உண்மையான படம்தான். வெட்டின முகத்தில தண்ணி தெளிச்சு வெயிலில பிடிச்சா மாசிவ் சல்பைட், அதாவது பெரும்பகுதி சல்பைட்டாவே இருக்கிற பாறை, அப்பிடித்தான் மினுங்கும். செட்டுக்குள்ள வரேக்கயே தெரியும், அந்த ஒரு தட்டு மற்றதுகளைவிட அவ்வளவு பாரம், ரெண்டு பேர் பிடிக்கோணும். ஆனா மினுங்குறதில பெரும்பங்கு பிரோட்டைட். அது இரும்பும் கந்தகமும், வெண்கல நிறம், காந்தப் பேனையைக் கிட்டக் கொண்டு போனா இழுக்கும். நிக்கல் இருக்கிறது பென்ட்லண்டைட்டில. அது பிரோட்டைட்டுக்குள்ள மணிமணியா, இல்லாட்டி மெல்லிய இழையா ஒளிஞ்சிருக்கும். மஞ்சள் கூடினது செம்புக் கனியம், சல்கோபைரைட். ஒரே மாதிரி மினுங்குற ரெண்டு தட்டில ஒண்டு லாப்பில 5% எண்டு வரும், மற்றது 0.6% எண்டு வரும். பழுத்த ஜியோலஜிஸ்டுகளே லென்ஸை எடுத்துப் பாத்துப்போட்டு "பொறுப்பம்" எண்டுதான் சொல்லுவினம். ரெண்டு மூண்டு மாதம் போகட்டும், அதே கோர் கறுத்து, துருப்பிடிச்சு, கந்தக நாத்தம் அடிக்கும். அந்தப் படத்தை ஒருத்தரும் போடாயினம்.

கையில பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் கருவி பாக்கிறது ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தைத்தான். பென்ட்லண்டைட் திட்டில வச்சா 7 காட்டும், ஒரு விரல்கடை தள்ளி வச்சா 1 காட்டும். "7% வரை" எண்டதில "வரை" எண்டதை அடிக்கோடிட்டு வாசியுங்கோ. கண்மதிப்பைச் சந்தைக்குச் சொல்லுறதெண்டா என்ன சல்பைட், எத்தனை வீதம், லாப் முடிவு எப்ப வரும், கண்மதிப்பு லாப்புக்குப் பதிலாகாது எண்டெல்லாம் அவை எழுதோணும். உங்கட பிடிஎஃப்பில பொடி எழுத்தில இருக்கும்.

அடுத்தது அகலம். 2.4 மீற்றர் எண்டது துளை வழியா அளந்த நீளம். சல்பைட் பலகை துளைக்குக் குறுக்கால கிடந்தா அதுதான் உண்மைத் தடிப்பு. துளை பலகைக்குச் சாய்வாப் போயிருந்தா உண்மைத் தடிப்பு குறையும். ரொட்டியை நேர வெட்டுறதுக்கும் சரிச்சு வெட்டுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். கோர் செட்டில நாங்கள் பாகைமானி வச்சு இந்தக் கோணத்தை அளப்பம். அறிவித்தலில அது வராது, ஆனா துளையின்ட திசையும் சரிவும் அட்டவணையில கட்டாயம் இருக்கும், குறுக்குவெட்டுப் படமும் இருக்கும். நீங்களே கோணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியா ஒண்டு. முதல் துளை நல்லா வந்தா முழுப் படுகையும் அப்பிடி எண்டு எடுக்காதீங்கோ. பேர்த்துக்குக் கிட்ட ஜூலிமாரில 2020 மார்ச்சில வந்த முதல் துளையில 19 மீற்றருக்கு நிக்கல் 2.6%, அதோட பலேடியம் தொன்னுக்கு 8.4 கிராம். சந்தை ஆடிப்போச்சு. 2021இல முழுப் படுகையையும் கணக்கெடுத்து வெளியிடேக்க 33 கோடி தொன், நிக்கல் சராசரி 0.16%. இதில ஒருத்தரும் ஒருத்தரையும் ஏமாத்தேல்ல. அது உண்மையிலயே பெரிய கண்டுபிடிப்பு, பலேடியத்தாலதான் அதுக்குப் பெறுமதி. ஆனா முதல் துளையின்ட எண்ணை வச்சு நிக்கல் சுரங்கம் எண்டு மனக்கோட்டை கட்டினவர் வேற ஏதோ ஒண்டைத்தான் வாங்கியிருக்கிறார். மற்றப் பக்கமும் உண்டு: கம்பால்டாவில 1966 ஜனவரியில முதல் துளை 2.7 மீற்றருக்கு 8.3% காட்டிச்சு. உங்கட துளை 2 மாதிரி ஒடுக்கம்தான். அதில இருந்து ஒரு நிக்கல் பட்டினமே எழும்பிச்சு.

சுகி_திருமலை எழுதியது:

கோர்செட் அண்ணா, மிக்க நன்றி. நேற்று இரவு பிள்ளைகளின் விடைத்தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு அட்டவணைகளைப் பார்த்தேன்.

துளை 1இல் கந்தகம் 0.04%.

துளை 2: திசை 270 பாகை, அதாவது மேற்கு. கிடையிலிருந்து 60 பாகை கீழ்நோக்கி. குறுக்குவெட்டுப் படத்தில் சல்பைட் பலகையும் மேற்குப் பக்கமாகத்தான் சரிகிறது, 75 பாகை என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கம் சரிந்தால் இடைக்கோணம் 15 பாகை. சைன் 15 என்றால் 0.259. 2.4 மீற்றர் 0.62 மீற்றராகிறது! இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன். படத்தைப் பார்த்தாலே துளை பலகையோடு ஒட்டிக்கொண்டு இறங்குவது தெரிகிறது. "உண்மைத் தடிப்பு இன்னும் அறியப்படவில்லை" என்று அடியில் ஒரு வரி.

இவர்கள் வேண்டுமென்றே இப்படித் துளைத்தார்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். துளை 3க்குள் ஏதோ மின்காந்த அளவீடு செய்து, பக்கத்தில் "மிக வலுவான மின்கடத்தி" இருக்கிறது, துளை 4 அதை நோக்கித்தான் போகிறது என்கிறார்கள். அத்தானுக்கு இதில்தான் பெரிய நம்பிக்கை.

பழைய_ஆய்வுகூடம் எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். நான் புல்மோட்டைப் பக்கம் கனிய மணல் இரசாயனப் பகுப்பாய்வில் இருந்து ஓய்வுபெற்றவன். நிக்கல் என் துறை அல்ல. ஆனால் இல்மனைட்டானாலும் நிக்கலானாலும் பகுப்பாய்வுக் கணக்கு ஒன்றுதான்.

துளை 1இன் கந்தகம் 0.04% என்பது விடயத்தை முடித்துவைக்கிறது. பென்ட்லண்டைட்டில் நிக்கலும் கந்தகமும் நிறைப்படி ஏறத்தாழச் சம அளவு, இரண்டும் மூன்றில் ஒரு பங்கு வீதம், மிச்சம் இரும்பு. ஆகவே 0.04% கந்தகம் முழுவதும் பென்ட்லண்டைட்டாகவே இருந்தாலும் அது தாங்கக்கூடிய நிக்கல் 0.04% மட்டுமே. மிச்சம் 0.23% வேறெங்கோ இருக்கிறது. சிலிக்கேட்டில் என்று உப்புவெளி நண்பர் சொன்னது பொருந்துகிறது. நியாயத்துக்காக ஒன்று சேர்க்கிறேன். ஹீசில்வூடைட் என்ற சல்பைட்டில் நிக்கல் 73%, கந்தகம் 27%. எல்லாம் அதுவாகவே இருந்தால்கூட 0.11%க்கு மேல் போகாது. கந்தகமே இல்லாத நிக்கல்-இரும்புக் கலப்பு ஒன்றும் சில பாம்புக்கற்பாறைகளில் உண்டு, அவருவைட் என்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதைக் காந்தத்தால் பிரிக்க முயல்கிறார்கள். உங்கள் அறிவித்தலில் அந்தப் பெயர் இல்லையென்றால் அதை எண்ணி மனக்கணக்குப் போட வேண்டாம்.

அடுத்து, பின்னிணைப்பில் மாதிரியை எப்படிக் கரைத்தார்கள் என்று பாருங்கள். நான்கு அமிலம் சேர்த்துக் கரைத்தால் சிலிக்கேட்டும் உடைந்து மொத்த நிக்கலும் வெளியே வரும். எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் எவ்வளவு சல்பைட் நிக்கல் என்று அந்த எண் சொல்லாது. இதில் தவறொன்றுமில்லை, அதுதான் வழமை. வாசிக்கிறவர் அதை அறிந்து வாசிக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தின் பிழையைக் கண்டறிய வெற்று மாதிரி, தர மாதிரி, இரட்டை மாதிரி எத்தனைக்கு ஒன்று சேர்த்தார்கள் என்றும் ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத அறிவித்தலை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

மின்கடத்தி விடயம். மாசிவ் சல்பைட் மின்னைக் கடத்தும், உண்மை. காரீயமும், அதாவது பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டும், கடத்தும். நம் நாட்டில் பொகலையிலும் கஹட்டகஹவிலும் நரம்பு நரம்பாகக் காரீயம் ஓடுகிறது. அங்கே இதே கருவியை இறக்கினால் ஊசி துள்ளும், ஒரு கிராம் நிக்கலும் இராது. கருவிக்குத் தெரிவது கடத்துகிறதா இல்லையா என்பது மட்டுமே.

கோர்செட்_உப்புவெளி எழுதியது:

ஐயா சொன்னது சரி. மேற்கு அவுஸ்திரேலியாவில காரீயத்தோட கரும்படிவப் பாறையும் இருக்கு, அதுக்குள்ள வெறும் பிரோட்டைட்டும் பைரைட்டும். கோமாட்டியைட்டுக்குப் பக்கத்திலயே படுத்துக்கிடக்கும் சனியன். வலுவான கடத்தி எண்டு மெசினைக் கொண்டு போய், மழையிலயும் சேத்திலயும் 300 மீற்றர் துளைச்சு, கறுப்புப் பாறையைத் தட்டில அடுக்கின நாளில முகாமில ஒருத்தரும் கதைக்க மாட்டினம்.

ஆனா துளை 3 விசயத்தில ஒரு நல்ல பக்கம் இருக்கு. துளைக்குள்ளயே சல்பைட் பட்டிருக்கு, அதோட தொடுப்பாத்தான் கடத்தியும் தெரியுது எண்டா அது காரீயமா இருக்கிற வாய்ப்புக் குறைவு. நிலத்துக்கு மேல நிண்டு அளந்த கடத்தியைவிட இது எவ்வளவோ மேல். அத்தான் அதில நம்பிக்கை வச்சது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா சல்பைட்டில எவ்வளவு நிக்கல் எண்டதை லாப்தான் சொல்லும்.

வேணுமெண்டு அப்பிடித் துளைச்சவையோ எண்டு கேட்டீங்கள். முதல் துளைகளில பலகை எந்தப் பக்கம் சரியுது எண்டே தெரியாது. மேல மண்ணும் உப்புச்சேறும் மூடிக்கிடக்கு, மெசின் நிக்கக்கூடிய இடத்தில நிண்டுதான் துளைக்கிறது. பலகையை ஒட்டி இறங்கினது தற்செயலா இருக்கலாம். அதை நான் குறை சொல்லேல்ல. நான் பாக்கிறது துளை 4ஐ. சரிவு மேற்கு எண்டு இப்ப அவைக்குத் தெரியும். ஒழுங்கான ஆக்கள் எண்டா மேற்கில நிண்டு கிழக்கு நோக்கி, பலகைக்குக் குறுக்கால துளைப்பினம். துளை 4 உம் 270 பாகையிலயே போகுதெண்டா, அறிவித்தலுக்கு நீளமான எண் தேடினம் எண்டு நான் முடிவெடுப்பன். நீங்கள் அந்த ஒரு எண்ணை மட்டும் பாத்தாக் காணும்.

0.62 மீற்றர் எண்டு பயந்து எல்லாம் முடிஞ்சுது எண்டும் நினைக்கவேண்டாம். ஆள் உள்ளுக்க போய்த் தோண்டுறதெண்டா ஒண்டரை மீற்றராவது அகலம் வேணும். 0.62 மீற்றர் 4.1 வீதத்தோட 0.88 மீற்றர் சும்மா பாறை 0.3 வீதத்தைச் சேத்தா, சராசரி 1.87% வருது. இப்பிடியான அகலத்தில தோண்டின இடங்கள் இருக்கு. ஆனா அதுக்குப் பலகை நீளத்துக்கும் ஆழத்துக்கும் நூற்றுக்கணக்கான மீற்றர் தொடரோணும். இப்பத்தைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது ஒரு துளை குத்தின ஒரு புள்ளி.

மூதூர்_பொடியன் எழுதியது:

சேருவிலயில செம்பு இருக்கெண்டு அப்பா சொல்லுவார். உஸ்ஸங்கொடவில நிக்கல் மண் எண்டு ஏ/எல் சேர் சொன்னவர். அப்ப ஏன் அவுஸ்திரேலியாவுக்குப் போகோணும்? இஞ்ச துளைக்க ஏலாதா?

கோர்செட்_உப்புவெளி எழுதியது:

தம்பி, சேருவில செம்பும் காந்த இரும்பும் 1971இலயே கண்டுபிடிச்சது, துளையும் போட்டுப் பாத்தவை. இண்டைக்கும் சுரங்கம் இல்ல. கண்டுபிடிக்கிறதுக்கும் தோண்டுறதுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பாக்க பேர்த்துக்குப் போகத் தேவையில்ல, மூதூரில இருந்து மோட்டச்சைக்கிளில போய்ப் பாக்கலாம்.

உஸ்ஸங்கொட வேற சாதி. அது பாம்புக்கற்பாறை உக்கின செம்மண், அதில நிக்கல் கூட. 2010இல தேசிய பூங்காவாக்கிட்டினம், அதனால கதை அதோட சரி. ஆனா அந்தச் சாதிப் படுகைதான் இந்தோனேசியாவில சுலவேசி முழுக்கக் கிடக்கு. லாட்டரைட் எண்டு சொல்லுவினம். அங்க துளை குட்டை, செங்குத்து, படுகையும் கிடையாப் படுத்திருக்கு. கோணக் கணக்கு, மின்கடத்தி ஒண்டும் தேவையில்ல. டீச்சரின்ட கேள்விக்கு இது ஏன் முக்கியமெண்டா, இண்டைக்கு உலகத்தில தோண்டுற நிக்கலில பாதிக்கு மேல இந்தோனேசியாவில இருந்துதான். 2022 மார்ச் 8 லண்டன் சந்தையில தொன் ஒரு லட்சம் டொலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிப்பாட்டினவை. ரெண்டே வருசத்தில விலை 16, 17 ஆயிரத்தில வந்து குந்திச்சு. 2024 ஒக்டோபரில பிஎச்பி எண்ட பெரிய சுரங்கக் கம்பனியே மேற்கு அவுஸ்திரேலியாவில தன்ட நிக்கல் வேலையை இடைநிறுத்தினது. ஓடிக்கொண்டிருந்த சுரங்கங்களே மூடேக்க, புதுசா ஒண்டு திறக்க 1.87% போதுமோ எண்டு நீங்களே யோசியுங்கோ. என்ட கணக்கில அந்தப் பலகை 2 மீற்றர் உண்மைத் தடிப்பில 3 வீதத்துக்கு மேல தொடர்ந்து வந்தாத்தான் ஆரும் திரும்பிப் பாப்பினம்.

வெருகல்_ஆறு எழுதியது:

கடைசிப் பக்கம் பாத்தீங்களா அக்கா?

சுகி_திருமலை எழுதியது:

பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இல்லை. ஆனால் அறிவித்தல் வந்து ஆறாம் நாள் வேறொரு அறிவித்தலில் புதிய பங்கு வெளியீடு வந்திருக்கிறது, சந்தை விலையைவிடக் குறைவாக. அத்தான் வாங்கிய விலையைவிடவும் குறைவு. இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னேன்.

கோர்செட்_உப்புவெளி எழுதியது:

அதில மட்டும் குற்றம் காணாதீங்கோ. வருமானம் இல்லாத கம்பனி, துளைக்கிற மெசினுக்கும் லாப்புக்கும் காசு வேற எங்க இருந்து வரும்? ஆனா கண்மதிப்பும் படமும் போட்டுச் சந்தை சூடாயிருக்கேக்க, லாப் முடிவு வர முதல் காசு திரட்டினவை எண்டதைக் குறிச்சு வையுங்கோ. முடிவில அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தா ரெண்டு கிழமை பொறுத்து, கூடின விலைக்கு வித்திருக்கலாமே.

கல்கூர்லியில பழைய ஆக்கள் இப்பவும் போசைடன் எண்ட நிக்கல் கம்பனியின்ட கதை கதைப்பினம். 1969 செப்டெம்பரில விண்டாராவில நிக்கல் பட்டது எண்டு வெளியில வந்து, ஒரு டொலருக்குக் கீழ கிடந்த பங்கு 1970 பெப்ரவரியில 280 டொலர். படுகை உண்மைதான், ஆனா முதல் சொன்ன தரம் பிறகு வரேல்ல, நிக்கல் விலையும் விழுந்திட்டுது, 1976இல கம்பனியே கவிண்டுது. அந்தக் காலத்துக் கூத்துக்குப் பிறகுதான் சுரங்கக் கம்பனிகள் முடிவுகளை எப்பிடி வெளியிடோணும் எண்டு தீர்மானிக்க 1971இல ஜோர்க் குழுவை அமைச்சு, 1989இல எழுத்தில விதி கொண்டுவந்தவை. நீங்கள் பாத்த பின்னிணைப்பு அட்டவணை எல்லாம் அந்த விதியின்ட புண்ணியத்தில வந்ததுதான். 1969இல ஒரு கணக்கு டீச்சருக்கு 15 பாகை எண்டு கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது.

துளை 3 லாப் முடிவு வந்தா மூண்டு எண் பாருங்கோ. அந்த 6 மீற்றரில நிக்கல் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, செம்பு எவ்வளவு. கந்தகம் 30%க்கு மேல இருந்து நிக்கல் 1%க்குக் கீழ எண்டா அது வெறும் பிரோட்டைட், எத்தினை மீற்றர் இருந்தாலும் பிரியோசனம் இல்ல. அதே கந்தகத்துக்கு நிக்கல் 4, 5 எண்டு வந்தா அது வேற விளையாட்டு, அப்ப நானே அத்தானுக்குக் கைகுடுப்பன். அதோட ஆசனிக் எண்ட நிரலையும் ஒருக்காப் பாருங்கோ, அது கூடினா உருக்காலைக்காரன் விலையை வெட்டுவான். முடிவு வந்த உடன அட்டவணையை அப்பிடியே இஞ்ச போடுங்கோ. படம் வேண்டாம்.

பழைய_ஆய்வுகூடம் எழுதியது:

நண்பருக்கு ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் எல்லோரும் நீளத்தைக் கொண்டு சராசரி எடுக்கிறீர்கள். மாசிவ் சல்பைட்டின் அடர்த்தி பாறையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தொன் கணக்கில் பார்த்தால் அந்த 1.87% இரண்டைத் தாண்டும். கம்பனிக்குச் சாதகமான திருத்தம்தான், இருந்தாலும் கணக்கு கணக்காக இருக்கட்டும்.

கோர்செட்_உப்புவெளி எழுதியது:

சரி ஐயா, ஒப்புக்கொள்ளுறன். அப்பிடியெண்டா சகோதரி, துளை 3 அட்டவணையில அடர்த்தி நிரல் இருந்தா அதையும் சேத்துப் போடுங்கோ. ஐயா கணக்குப் பாக்கட்டும்.